வெளிநாட்டுப் படமும் வீட்டுச் சமையலும்: தட்டை எப்போது வைப்பது?

மொட்டைமாடி | மார்ச் 7, இரவு 9.10

சனிக்கிழமை ராத்திரி ஒரு வெளிநாட்டுப் படம், கூடவே வீட்டில் சமைத்த சாப்பாடு, எட்டுப் பேர். ஜப்பான் படமென்றால் சூஷி, இத்தாலிப் படமென்றால் பாஸ்தா என்று நாட்டைப் பார்த்துச் சமைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. படத்துக்குள் யார், எந்தக் கட்டத்தில், எதைச் சாப்பிடுகிறார்கள் என்று பார்த்து அதைச் செய்து, அதே கட்டத்தில் தட்டில் வைக்க வேண்டும் என்பது என் கட்சி. மாட்டுத்தாவணி மார்க்கெட்டிலும் கீழமாசி வீதியிலும் கிடைக்கிற சாமானுக்குள் முடிகிற படங்களாகச் சொல்லுங்கள். ஒன்றிரண்டு பொருள் ஆன்லைனில் வாங்கலாம், அதற்கு மேல் வேண்டாம்.

திரைச்சீலை | மார்ச் 7, இரவு 9.52

படத்தைப் பார்த்துச் சமைப்பது சரி. அதே கட்டத்தில் தட்டு வைப்பது ஆகாது. தமிழ்ப் படத்துக்குக் காது போதும், குனிந்து சாப்பிட்டுக்கொண்டே கதை கேட்கலாம். சப்டைட்டில் படத்துக்குக் கண் வேண்டும். ஒரு வரி திரையில் நிற்பது அதிகம் போனால் ஆறேழு விநாடி. முள் எடுக்க வேண்டிய மீன், பிசைய வேண்டிய சோறு, வழிகிற குழம்பு மூன்றுமே கண்ணைக் கேட்கும். இருட்டு வேறு. நல்ல படத்தை இப்படிப் பாதி வசனத்தோடு பார்ப்பதற்குப் பார்க்காமலே இருக்கலாம். சாப்பாடு முன்னாலேயே முடியட்டும், இல்லை படம் முடிந்த பிறகு வரட்டும்.

திருநகர் அடுப்படி | மார்ச் 8, காலை 6.30

மூன்றாவது வழி இருக்கு. பார்க்காமல் கையில் பிடித்துத் தின்கிற பண்டமாக இருந்தால் எந்தக் கட்டத்திலும் தரலாம். வழியக் கூடாது, உதிரக் கூடாது, முள்ளோ எலும்போ இருக்கக் கூடாது. அப்படிப் பார்த்தால் முதலில் எடுக்க வேண்டியது இத்தாலி இயக்குநர் டி சிகாவின் பைசைக்கிள் தீவ்ஸ் (1948). 89 நிமிடம்தான். பாதி தாண்டி அப்பாவும் பையனும் ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிடுவது மொஸரெல்லா இன் கரோஸா. நம் பாஷையில் சொன்னால் சீஸ் வைத்த ரொட்டியை முட்டையில் முக்கிப் பொரித்தது.

எட்டுப் பேருக்கு ஆளுக்கு இரண்டு துண்டு:

ரொட்டி 16 துண்டு, ஓரம் வெட்டியது. மொஸரெல்லா 350 கிராம், அரை செ.மீ. கனத்தில் வெட்டியது. முட்டை 5, பால் 4 மேசைக்கரண்டி, உப்பு, மிளகுத்தூள். மைதா ஒரு கிண்ணம். பொரிக்கக் கடலெண்ணெய்.

சீஸைத் துணியில் ஒற்றி ஈரம் போக்கிவிட்டு இரண்டு ரொட்டிக்கு நடுவில் வைக்கவும். ரொட்டியின் ஓரத்திலிருந்து ஒரு செ.மீ. உள்ளே தள்ளி இருக்க வேண்டும். ஓரத்தை மட்டும் பாலில் தொட்டு, மைதாவில் உருட்டி, விரலால் அழுத்தி மூடவும். அழுத்தி மூடாததுதான் முக்கால்வாசி தப்புக்குக் காரணம். சீஸ் ஒழுகி எண்ணெயில் விழுந்தால் தெறிக்கும், மிச்சமெல்லாம் கருகும். பிறகு முட்டைக் கலவையில் பக்கத்துக்கு ஒரு நிமிடம் ஊறவிட்டு எண்ணெயில் போடணும். சூடு 170 முதல் 180 டிகிரி. தெர்மாமீட்டர் இல்லையென்றால் ஒரு ரொட்டித் துணுக்கைப் போடுங்கள். உடனே மேலே வந்து, முக்கால் நிமிடத்தில் பொன்னிறமானால் சரி. பக்கத்துக்கு ஒன்றரை, இரண்டு நிமிடம். எடுத்ததும் சாய்வாகப் பாதியாக வெட்டினால் ஆளுக்கு இரண்டு வரும்.

ரொட்டி விஷயத்தில் ஒரு கவனம். நம்ம ஊர் பேக்கரிகளில் இனிப்பு ரொட்டிதான் அதிகம். சர்க்கரை சீக்கிரம் சிவக்கும், உள்ளே சீஸ் உருகுமுன் மேலே கருத்துவிடும். உப்பு ரொட்டி என்று கேட்டு வாங்கி, ஒரு நாள் வைத்திருந்து செய்யுங்கள். புது ரொட்டி முட்டையில் ஊறினால் கையோடு பிய்ந்து வரும்.

சோழவந்தான் | மார்ச் 8, காலை 9.15

பன்னீர் வைத்தால் ஆகாதா? இங்கே மொஸரெல்லாவுக்கு மதுரைதான் போகணும்.

திருநகர் அடுப்படி | மார்ச் 8, காலை 9.40

ஆகாது தம்பி. எலுமிச்சையோ வினிகரோ விட்டுத் திரித்தது பன்னீர். சூடு பட்டால் இறுகும், உருகாது. மொஸரெல்லாவைத் திரித்த பிறகு வெந்நீரில் இழுத்துப் பிசைகிறார்கள், அதனால்தான் நூல் நூலாக வருகிறது. அந்தக் காட்சியில் பையன் கையிலிருக்கிறதைக் கடித்து இழுக்கிறது நூலாக நீள்வதைப் பார்க்க வேண்டாமா? பன்னீர் வைத்தால் அது வெறும் முட்டை பஜ்ஜி. பீட்ஸாவுக்கென்று கட்டியாக வருகிற மொஸரெல்லா போதும், துருவியது வேண்டாம். தண்ணீரில் மிதக்கிற புது மொஸரெல்லா இன்னும் ருசி. ஆனால் இரண்டு மணி நேரம் வடிய வைக்க வேண்டும்.

மொட்டைமாடி | மார்ச் 8, பகல் 12.05

பொரிக்கிறவர் படத்தைத் தவறவிடுவாரே, அதற்கு என்ன செய்வது? மாடியிலிருந்து இறங்கி அடுப்படிக்குப் போய் வருவதற்குள் காட்சியே முடிந்துவிடும்.

திரைச்சீலை | மார்ச் 8, பகல் 1.30

அவர்கள் ஓட்டலுக்குள் நுழைகிற இடத்தில் படத்தை நிறுத்துங்கள். ஓரம் மூடிய ரொட்டிகளை மதியமே செய்து டப்பாவில் அடுக்கி ஃப்ரிட்ஜில் வைத்துவிடலாம். முட்டையில் முக்குவது மட்டும் கடைசியில். அகலமான வடைச்சட்டியில் மூன்று மூன்றாகப் போட்டால் எட்டும் பன்னிரண்டு நிமிடத்தில் முடியும். ஆறிவிடுமே என்று முதல் ஈட்டை மூடி வைக்காதீர்கள், நமுத்துவிடும். கம்பித் தட்டில் நிறுத்தி வையுங்கள்.

அடுப்படி சொன்ன மூன்றாவது வழியை ஏற்கிறேன். ஆனால் ரொட்டி கையில் இருக்கும்போது பக்கத்தில் சாஸ் கிண்ணம் வைக்காதீர்கள். தொட்டுக்கொள்ள ஆரம்பித்ததுமே கண் கீழே போய்விடும்.

கீழமாசி | மார்ச் 8, இரவு 10.20

ஜப்பான் இயக்குநர் குரோசவாவின் செவன் சாமுராயை (1954) யாரும் சொல்லவில்லையே. 207 நிமிடப் படம், அதற்குள்ளேயே இடைவேளை இருக்கிறது. தட்டு எப்போது என்ற கேள்வியே வராது.

அதைவிட முக்கியம், அந்தப் படத்தின் உயிரே ஒரு கிண்ணம் வெள்ளைச் சோறு. கிராமத்து ஆட்கள் சாமுராய்களுக்கு வெள்ளைச் சோறு போட்டுவிட்டுத் தாங்கள் சிறுதானியம் தின்கிறார்கள். அது தெரிந்த பிறகுதான் மூத்த சாமுராய் அந்தக் கிண்ணத்தைக் கையில் வாங்கி, கொள்ளையரிடமிருந்து ஊரைக் காக்கச் சம்மதிக்கிறார். ஜப்பானில் ஏழை உழவர்கள் வயிறு நிரப்பிய தானியங்களில் குதிரைவாலி இனமும் ஒன்று. நமக்குப் பேரையூர், டி.கல்லுப்பட்டி பக்கம் மானாவாரியில் விளைவது அதற்கு நெருங்கிய உறவு. இப்படி ஒரு பொருத்தம் வேறு எந்தப் படத்துக்கும் மதுரையில் அமையாது.

செய்முறை: குதிரைவாலி 3 டம்ளர். முதலில் அரித்துக் கல் எடுக்கணும், பாக்கெட்டில் வந்ததானாலும். இருட்டில் சாப்பிடும்போது ஒரு கல் கடிபட்டால் படமே போச்சு. அரை மணி ஊறவைத்து, தண்ணீரை வடித்து, 6 டம்ளர் கொதிக்கிற தண்ணீரில் போட்டு, மூடி, சிம்மில் 12 நிமிடம். நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் திறக்கக் கூடாது. நடுவில் கிண்டினால் களியாகிவிடும். குக்கரில் வைக்கிறவர்கள் ஒரு விசிலோடு நிறுத்துங்கள்.

படம் தொடங்குமுன் எல்லாருக்கும் குதிரைவாலிச் சோறும் உப்பிலிட்ட முள்ளங்கியும் மட்டும். வேறு எதுவும் கிடையாது. இடைவேளையில் வெள்ளைச் சோறு, மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) சூப், மீன். முதலில் குதிரைவாலியைத் தின்றவனுக்குத்தான் அந்தக் கிண்ணம் என்னவென்று புரியும்.

சோழவந்தான் | மார்ச் 9, காலை 7.00

முள்ளங்கிக்குக் கணக்கு சொல்லுங்கள் அண்ணே. மஞ்சளாக இருக்குமே, ஜப்பான் ஊறுகாய், அதுதானே? மஞ்சள்தூள், சர்க்கரை, வினிகர் போட்டு ஊறவைக்க வேண்டியதுதானே?

திரைச்சீலை | மார்ச் 9, காலை 8.25

மஞ்சள் ஊறுகாய் இந்தப் படத்துக்கு வேண்டாம். அதன் பெயரான தக்குவான் 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த துறவியோடு சேர்த்துச் சொல்லப்படுவது. படத்தின் கதை 1580களில் நடக்கிறது. தவிர, கொள்ளைக்கு அஞ்சித் தானியத்தை ஒளித்து வைக்கிற ஊரில் சர்க்கரை ஏது? வெறும் உப்பு போதும்.

வெள்ளை முள்ளங்கி 1 கிலோ, தோல் சீவி கால் செ.மீ. வில்லைகள். உப்பு 25 கிராம் போட்டுப் பிசறி, மேலே தட்டு வைத்து அம்மிக்குழவியையோ தண்ணீர் நிறைந்த செம்பையோ பாரமாக ஏற்றுங்கள். மூன்று மணி நேரத்தில் தண்ணீர் விட்டுவிடும். பிழிந்து எடுத்தால் நொறுநொறு என்று இருக்கும். காம்போடு கொஞ்சம் கீரையையும் பொடியாக நறுக்கிச் சேர்க்கலாம். டப்பாவை இறுக்கி மூடாவிட்டால் ஃப்ரிட்ஜில் உள்ள பாலும் தயிரும் முள்ளங்கி வாடை அடிக்கும்.

கீழமாசி | மார்ச் 9, காலை 11.10

வெள்ளைச் சோற்றுக்குப் பொன்னி புழுங்கல் போடாதீர்கள். உதிரி உதிரியாக நிற்கும், குச்சியால் எடுக்கவே முடியாது. ஜப்பான் அரிசியில் அமைலோஸ் என்கிற ஒட்டாத வகை மாவுச்சத்து குறைவு, அதனால் ஒட்டும். இங்கே கிடைப்பதில் அதற்கு அருகில் வருவது புதுப் பச்சரிசி. பழைய அரிசி அந்த அளவுக்கு ஒட்டாது. ஒரு டம்ளருக்கு இரண்டேகால் டம்ளர் தண்ணீர், கஞ்சி வடிக்கக் கூடாது, தாளிப்பு கிடையாது, உப்பும் கிடையாது. உருண்டை பிடிக்கிறதானால் சூட்டோடு, உப்புத் தண்ணீர் தொட்ட கையால் பிடிக்கணும். ஆறிவிட்டால் உடையும்.

மிசோவுக்கு மாற்று தேடாதீர்கள். ஆன்லைனில் வாங்கச் சொன்ன ஒன்றிரண்டு பொருளில் அதுதான் முதலாவது. எட்டுப் பேருக்கு ஒன்றேகால் லிட்டர் தண்ணீர், 90 கிராம் மிசோ. அடுப்பை அணைத்த பிறகு கரைக்கணும். கொதிக்க விட்டால் வாசனை பறந்துவிடும், பருப்புத் தண்ணி மாதிரி ஆகிவிடும்.

மொட்டைமாடி | மார்ச் 9, மாலை 5.45

207 நிமிடத்தை மாடியில் வைக்க முடியாது. ஏழு மணிக்கு முன் புரொஜெக்டர் படம் வெளுத்துத் தெரியும். ஏழுக்குத் தொடங்கி இடைவேளைக்கு முக்கால் மணி விட்டால் பதினொன்றைத் தாண்டும். இதை ஹாலில், திரை போட்டு, மாலை ஐந்தரைக்கு ஆரம்பிப்பதுதான் சரி. அந்த நாளில் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை இருக்கிறதா என்று முன்னாலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். பகல் முழுக்க ஃப்ரிட்ஜ் நின்றால் மீனை நம்ப முடியாது.

மாடிக்கு 90, 100 நிமிடப் படம்தான். அப்படி இன்னும் இரண்டு வேண்டும். பெரியவர்களும் இருப்பார்கள், இங்கிலீஷ் சப்டைட்டில் வேகமாக வாசிக்க வராது.

திருநகர் அடுப்படி | மார்ச் 9, இரவு 8.30

பெரியவர்கள் இருந்தால் மஜித் மஜிதியின் சில்ட்ரன் ஆஃப் ஹெவன் (1997). இதுவும் 89 நிமிடம். அண்ணன் தங்கை, ஒரு ஜோடி ஷூ. வசனம் புரியாவிட்டாலும் கதை புரியும். ஆஸ்கர் வெளிநாட்டுப் படப் பரிந்துரைக்குப் போன முதல் ஈரான் படம்.

அதில் செய்ய வேண்டியது டீ. அப்பா மசூதிக்காகச் சர்க்கரைக் கட்டி உடைத்துக்கொண்டிருப்பார், மகள் டீ கொண்டு வருவாள். வீடு முழுக்கச் சர்க்கரை கிடந்தும் அதிலிருந்து ஒரு துண்டு எடுக்க மாட்டார், ஒப்படைத்த பொருள் என்பார். அந்த இடத்தில் எல்லார் கையிலும் ஒரு கண்ணாடி டம்ளர் டீ இருக்கணும். கற்கண்டை அந்தக் காட்சி முடிந்த பிறகு கொடுங்கள், முன்னால் கொடுக்காதீர்கள். இது எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிறது.

பால் கிடையாது. தூள் டீ கூடாது, பத்து நிமிடம் ஊறினால் கசந்து துவர்க்கும். நீலகிரி ஆர்த்தடாக்ஸ் இலை டீ வாங்குங்கள். 25 கிராம் இலை, 700 மி.லி. கொதித்த தண்ணீர், இரண்டு ஏலக்காய். டீப் பாத்திரத்தை நேரடியாக அடுப்பில் வைக்காமல், கொதிக்கிற தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் ஆவியில் 12 நிமிடம். டம்ளரில் பாதிக்கும் குறைவாக இந்தச் சாயம், மேலே வெந்நீர். வெளிச்சத்தில் பிடித்தால் செம்மண் நிறம் தெரியணும். சர்க்கரையைக் கலக்காமல் கற்கண்டைப் பல்லிடுக்கில் வைத்து உறிஞ்சுவது அவர்கள் வழக்கம். டைமண்ட் கற்கண்டு பொடிசு, உடனே கரைந்துவிடும். நூல் கோத்த பெரிய கற்கண்டை உடைத்துக் கொடுங்கள், நூலை எடுத்துவிட்டு.

கீழமாசி | மார்ச் 9, இரவு 9.15

அக்கா சொன்ன டீயோடு ராத்திரிச் சாப்பாடு முடியாதே. அதே படத்தில் பையன் பக்கத்து வீட்டு முதியவர்களுக்கு ஒரு கிண்ணம் சூப் எடுத்துப் போவான். ஈரானில் வீட்டுக்கு வீடு கொடுத்து வாங்குகிற சூப் என்றால் ஆஷ் ரெஷ்தே நல்ல தேர்வு. கொண்டைக்கடலை 150 கிராம், ராஜ்மா 150 (ராத்திரியே ஊறவைத்தது), மைசூர்ப் பருப்பு 100, பாலக் 400, கொத்தமல்லி ஒரு கட்டு, வெங்காயத்தாள் 150, கோதுமை நூடுல்ஸ் 200. கடலையும் ராஜ்மாவும் குக்கரில் நன்றாக வெந்த பிறகு பருப்பு, பருப்பு குழைந்த பிறகு கீரை, முக்கால் மணி சிம்மில். நூடுல்ஸ் கடைசிப் பத்து நிமிடம். அதற்குமுன் போட்டால் தண்ணீரையெல்லாம் குடித்துவிட்டுக் கட்டியாகிவிடும்.

இதன் மேலே ஊற்றுகிற காஷ்க் என்ற ஈரான் புளிப்புத் தயிர்ச் சாமான் இங்கே கிடைக்காது. புளித்த தயிரைத் துணியில் நான்கு மணி நேரம் கட்டித் தொங்கவிட்டு, உப்புப் போட்டு அடித்து, பரிமாறும்போது மேலே ஊற்றுங்கள். அடுப்பில் ஊற்றினால் திரிந்துவிடும். நெய்யில் சிவக்க வறுத்த வெங்காயம், எண்ணெயில் ஐந்தே விநாடி காட்டிய காய்ந்த புதினாவும் மஞ்சளும் மேலே. புதினா கருகினால் முழுக் கிண்ணமும் கசக்கும். கரண்டியால் குடிக்கிற சாமான், அதனால் படம் முடிந்த பிறகுதான்.

திரைச்சீலை | மார்ச் 10, காலை 6.50

சப்டைட்டில் பற்றி. தமிழ் எஸ்.ஆர்.டி. கோப்பு கிடைத்தாலோ யாராவது எழுதித் தந்தாலோ, யு.டி.எஃப்-8 குறியீட்டில் சேமித்திருக்க வேண்டும். இல்லையென்றால் கட்டம் கட்டமாக வரும். வி.எல்.சி. பிளேயரில் சப்டைட்டில் அமைப்புக்குள் எழுத்தளவைப் பெரிதாக்கலாம். எழுத்து முந்தியோ பிந்தியோ வந்தால் ஜி, எச் விசைகள் ஒவ்வொரு தட்டுக்கும் 50 மில்லி விநாடி நகர்த்தும். இதையெல்லாம் ஆட்கள் வருமுன் ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

தரையில் உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்கு முன்வரிசைத் தலை எழுத்தை மறைக்கும். திரையின் கீழ்விளிம்பு தரையிலிருந்து நான்கடி உயரத்தில் இருக்கட்டும்.

சோழவந்தான் | மார்ச் 10, மாலை 6.20

பப்பாளிக்காய் எங்கள் பக்கம் நிறையக் கிடைக்கிறது. வியட்நாமியப் படம் தி சென்ட் ஆஃப் கிரீன் பப்பாயா (1993) சரிவருமா?

திரைச்சீலை | மார்ச் 10, இரவு 7.40

அருமையாக வரும். டிரான் ஆன் ஹங் எடுத்தது, 104 நிமிடம். கதை 1951 சைகோனில் தொடங்குகிறது, ஆனால் முழுக்க பிரான்ஸில் அரங்கம் போட்டு எடுத்தது. வசனம் மிகக் குறைவு. காயை வெட்டுகிறதும், உள்ளே வெள்ளை விதைகளை விரலால் தொடுகிறதும்தான் படம்.

காய் முழுப் பச்சையாக, அழுத்தினால் கல் மாதிரி இருக்கணும். உள்ளே வெள்ளை விதை. விதை கறுக்கத் தொடங்கியிருந்தால் சாலட்டுக்கு ஆகாது, கூட்டு வையுங்கள். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு தோலை நீளவாக்கில் கீறிப் பால் வடியவிட்டு, சீவி, உப்புத் தண்ணீரில் பத்து நிமிடம். 1 கிலோ காயை மெல்லிய நீளச் சீவலாக்கி, உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி போட்டுக் கால் மணி வைத்துப் பிழியவும். ஃபிஷ் சாஸ் 5 மேசைக்கரண்டி, எலுமிச்சைச் சாறு 5, சர்க்கரை 4, தண்ணீர் 5, தட்டிய பூண்டு நான்கு பல், பச்சை மிளகாய் மூன்று. வறுத்து ஒன்றிரண்டாக உடைத்த நிலக்கடலை ஒரு கைப்பிடி. கலந்த கால் மணியில் தண்ணீர் விட்டுத் துவண்டுவிடும், அதனால் தட்டில் போடுகிற நேரத்தில்தான் கலக்கணும்.

பரிமாறுவது படத்துக்கு முன், வெளிச்சத்தில். காயைக் கத்தியால் கொத்தி மெல்லச் சீவுகிற காட்சி வரும்போது வாயில் அந்தப் புளிப்பு இன்னும் இருக்கும்.

திருநகர் அடுப்படி | மார்ச் 10, இரவு 8.05

வருகிறவர்களில் கர்ப்பிணி இருக்கிறாரா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பால் வடிகிற பப்பாளிக்காய் அவர்களுக்குக் கூடாது. வெள்ளரிக்காயில் அதே சாலட் தனியாகச் செய்துவிடுங்கள்.

ஃபிஷ் சாஸ் கிடைக்காவிட்டால் நெத்திலிக் கருவாடு 40 கிராமை வறுத்து, கால் லிட்டர் தண்ணீரில் பாதியாகச் சுண்டக் காய்ச்சி, வடிகட்டி, உப்புச் சேர்த்துக்கொள்ளலாம். வாசம் கொஞ்சம் நம்ம ஊர் வாசமாக இருக்கும், ஆனால் அடிச்சுவை கிடைக்கும். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு லைட் சோயா சாஸ், அளவில் பாதி.

கீழமாசி | மார்ச் 11, இரவு 9.30

பெரியவர்கள் மட்டும் கூடுகிற ராத்திரிக்குக் கொரியப் படம் பாரசைட் (2019). குழந்தைகள் இருக்கிற வீட்டுக்கு இல்லை. மழையில் முகாம் கலைந்து எஜமானர் குடும்பம் திரும்பி வர எட்டு நிமிடம், அதற்குள் வேலைக்காரம்மா ஜாபகூரி என்கிற, இரண்டு வகை பாக்கெட் நூடுல்ஸ் கலந்த பண்டத்தைச் செய்தாக வேண்டும். அந்த எட்டு நிமிடத்திலேயே நீங்களும் செய்யலாம். சாபகெட்டி, நியோகுரி என்ற கொரிய நூடுல்ஸ் வகைக்கு ஒரு பாக்கெட் சேர்ந்தது இரண்டு பேருக்கு. ஒன்றேகால் லிட்டர் தண்ணீரில் இரண்டையும் காய்கறித் துணுக்குகளோடு 4 நிமிடம் வேகவைத்து, அரை டம்ளர் தண்ணீரை நிறுத்திக்கொண்டு மிச்சத்தை வடித்து, சாபகெட்டிப் பொடி முழுதும் நியோகுரிப் பொடி பாதியும் போட்டு ஒரு நிமிடம் கிளறணும். நியோகுரிப் பொடியை முழுதாகப் போட்டால் உப்பு கரிக்கும். அதில் கடல் உணவு இருக்கிறது, சைவத்துக்கு ஆகாது.

படத்தில் மேலே போடுவது உயர்ந்த மாட்டிறைச்சி. ஆட்டுக்கறி போடுகிறவர்கள் அப்படியே இரண்டு நிமிடம் வதக்கினால் ரப்பராக இருக்கும். முன்னாலேயே உப்பும் மிளகும் போட்டு வேகவைத்து, சுக்காவுக்குச் சுண்ட வைக்கிற மாதிரி சுண்டவைத்து எடுத்து வையுங்கள்.

எட்டுப் பேருக்கு எட்டுப் பாக்கெட்டை ஒரே அண்டாவில் போடாதீர்கள். தண்ணீர் மறுபடி கொதி வருமுன் நூடுல்ஸ் ஊறிக் குழைந்துவிடும். இரண்டு அடுப்பு, இரண்டு ஈடு.

மொட்டைமாடி | மார்ச் 12, காலை 7.15

முடிவாக முதல் சனிக்கிழமை பைசைக்கிள் தீவ்ஸ், மாடியில், ஏழு மணி. ஓட்டல் வாசலில் நிறுத்தம். படம் முடிந்ததும் தட்டாம்பயறு சேர்த்த சாதாரண சூப்பும் சாலட்டும். செவன் சாமுராய் பள்ளி விடுமுறையில், ஹாலில். அதற்குக் கடைசியில் இனிப்பாக ஏதாவது வேண்டும். சித்திரை வெயிலில் தாங்க வேண்டும்.

திருநகர் அடுப்படி | மார்ச் 12, காலை 7.50

கடல்பாசி. ஜிகர்தண்டாவுக்குப் போடுகிறதுதான், ஜப்பானிலும் அதை வைத்துப் பயறு இனிப்பு செய்கிறார்கள். சிவப்புக் காராமணி 250 கிராம், ராத்திரி ஊறவைத்து, குக்கரில் ஐந்து விசில், மசித்துத் தோல் வடிகட்டி, 200 கிராம் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்போடு கெட்டியாகக் கிளறவும். கடல்பாசி 8 கிராமை அரை மணி ஊறவைத்து, 600 மி.லி. தண்ணீரில் இழை தெரியாத வரை கொதிக்கவிட்டு, விழுதைக் கலந்து, தட்டில் ஊற்றவும். கொதிக்காமல் கரைத்தால் உறையாது.

கடல்பாசி உறைவது 35 முதல் 40 டிகிரிக்குள். சித்திரையில் நம்ம அடுப்படியே அந்தச் சூட்டில்தான் இருக்கும், மேடையில் வைத்துவிட்டுக் காத்திருந்தால் ராத்திரி வரை கூழாகவே நிற்கும். தட்டைக் குளிர்ந்த தண்ணீரில் நிறுத்தி, பிறகு இரண்டு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஒருமுறை உறைந்துவிட்டால் 80 டிகிரிக்கு மேல் போனால்தான் இளகும், அதனால் வெட்டி ஹாலுக்கு எடுத்துப் போனாலும் ஒன்றும் ஆகாது.